பூங்காவுக்குப் போகாத பொத்தான்

ஆறாம் வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலை மணிக்குப் பேச ஆரம்பித்தால் மாலை மணிக்குத்தான் ஓய்வாள்.

அந்த மாதம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டைரி எழுதப் பழக்கினார்கள். ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் பெரிய வகுப்பிலிருந்து ஒருவர் துணை. ரேடியோவுக்குக் கிடைத்தவன் பொத்தான். அவன் சட்டையில் எப்போதும் ஒரு பொத்தான் குறையும்; அதனால் அந்தப் பெயர்.

பொத்தான் எழுதியிருந்தான்: 'எழுந்தேன். சாப்பிட்டேன். பள்ளிக்கு வந்தேன்.'

"நேத்தும் இதையேதானடா எழுதின?"

"நேத்தும் இதையேதானேக்கா செஞ்சேன்."

ரேடியோவுக்குப் பொறுமை போய்விட்டது. "சரி, நான் சொல்லச் சொல்ல எழுது."

சாயங்காலம் பூங்காவுக்குப் போனது, ஊஞ்சல் ஆடியது, சிவப்புப் பலூன் மரத்தில் மாட்டிக்கொண்டது என்று மூச்சுவிடாமல் அளந்தாள். பொத்தான் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினான். டீச்சர் படித்துவிட்டு நட்சத்திரம் போட்டார். ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை பொத்தானின் அம்மா பள்ளி வாசலில் டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பொத்தான், அழுது வீங்கிய கண்களோடு.

"பெரிய ரோட்டைத் தாண்டிப் போகணும் டீச்சர், அந்தப் பூங்காவுக்கு. யார்கூடப் போனேன்னு கேட்டா, போகவே இல்லைங்கறான். நோட்டுல அவன் கையெழுத்துலயே இருக்கு. எதை நம்பறது?"

அப்போதுதான் உள்ளே வந்த ரேடியோவின் காதில் எல்லாம் விழுந்தது. சத்தமில்லாமல் வகுப்புக்குள் நழுவிவிடலாம். பொத்தான் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குமேல் அவளால் நகர முடியவில்லை.

"ஆன்ட்டி, அவன் எங்கயும் போகல. நான்தான் இட்டுக்கட்டிச் சொன்னேன்."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "பலூனுமா?"

"பலூனும்தான். இவன் பொய் சொல்லல ஆன்ட்டி."

அம்மா பெருமூச்சு விட்டு, பொத்தானின் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டார்.

டீச்சர் திட்டவில்லை. "அப்போ இவன் இன்னும் டைரியே எழுதல. நாளைக்கு மறுபடி உக்காருங்க," என்றார்.

மறுநாள் ரேடியோ உட்கார்ந்ததும் கேட்டாள், "இன்னிக்குக் காலையில என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலக்கா."

வாய் துறுதுறுத்தது. பென்சிலைப் பல்லால் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே இல்லை.

பொத்தான் மேசையைச் சுரண்டினான். பிறகு தானாகவே ஆரம்பித்தான்.

"எங்கப்பாவுக்கு ராத்திரி வேலைக்கா. காலையிலதான் தூங்குவாரு. அதனால நானும் அம்மாவும் அப்போ பேசவே மாட்டோம்."

"அப்புறம்?"

"எல்லாத்தையும் கையாலதான் சொல்லுவோம். இன்னிக்கு அம்மா தலை சீவுற மாதிரி காட்டினாங்க. சீப்பு கேட்டிருக்காங்க. நான் பேன் கடிக்குதோன்னு நினைச்சு, அவங்க தலையைச் சொறிஞ்சு விட்டேன்."

ரேடியோ சிரிப்பை அடக்கினாள். "அப்புறம்?"

"அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல. சத்தம் வந்துடக் கூடாதுன்னு துண்டை வாயில அடைச்சுக்கிட்டாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான். "இதையெல்லாம் எழுதலாமாக்கா?"

"இதைத்தான்டா எழுதணும்."

அவன் எழுதினான். ஒரு பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்கும் போயிற்று. 'துண்டு' எப்படி எழுதுவது என்று மட்டும் கேட்டான். ரேடியோ அதை மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான் பொத்தான்.

"அம்மா நேத்து சாயங்காலம் அப்பாகிட்ட நோட்டைக் காட்டினாங்கக்கா. படிச்சுப் பார்த்துட்டு, 'நான் தூங்கறப்போ வீட்டுல இவ்வளவு நடக்குதா'ன்னு கேட்டாரு. தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்காரு. எழுந்ததும் படிப்பாராம்."

சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலேயே நோட்டைத் திறந்தான்.