மூத்தவளின் அஞ்சல்பெட்டி

கணவருக்கு அனுப்பிய அழைப்பு திரும்பி வந்துவிட்டது. சாதாரண மெயில் போகிறது. மீட்டிங் அழைப்பு மட்டும் திரும்புகிறது. 'இவருக்குச் சேர்க்க முடியவில்லை' என்று சர்வர் காட்டிய பெயரோ கணவருடையது அல்ல.

இறந்துபோன மூத்தவளுடையது, அவருடைய முதல் மனைவியுடையது.

இரண்டாம் தாரமாக வந்த இளையவளுக்கு அந்த அலுவலகத்தின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. கணவர் அங்கேயே மேலாளர். காலண்டரில் ஏறாத எதுவும் அவருக்கு நினைவில் நிற்காது. திருமண நாள் சாப்பாட்டுக்கும் அழைப்பு அனுப்பினால்தான் வருவார்.

"புருஷனுக்கே மீட்டிங் போடுற ஒரே ஆளு நீங்கதான் மேடம்," என்றார் கணக்குப் பிரிவுக்காரர். "அதுவும் பவுன்ஸ் ஆகுதாமே!"

"சிரிங்க, சிரிங்க. அடுத்து உங்க மெயில்தான் நிக்கும்."

காரணம் எளிது. மேலாளரின் காலண்டரைக் கவனிக்கும் செயலாளரை அவருக்குப் பிரதிநிதியாகப் பதிந்துவிட்டால், வரும் ஒவ்வொரு அழைப்பின் நகலும் செயலாளருக்கும் போகும். மூத்தவள்தான் அவருக்குச் செயலாளராக இருந்தவள். அவள் போன பிறகும் அவளது அஞ்சல்பெட்டி சர்வரில் அப்படியே கிடந்தது. போன வாரம் இளையவள் அதை அழித்தாள். இடம் அடைக்கிறது என்று காரணம் எழுதினாள். அடைத்த இடம் சர்வரில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பெட்டி போய்விட்டது, பிரதிநிதிப் பதிவு போகவில்லை. நகல் சேர இடமில்லாமல் திரும்புகிறது. அவ்வளவுதான்.

பதிவை நீக்கினாள். எல்லோருடைய அழைப்பும் போய்ச் சேர்ந்தது.

அவளுடையது மட்டும் திரும்பியது.

பிரதிநிதி இடத்தில் மறுபடியும் அதே பெயர். நீக்கினாள். கண்ணெதிரே, யாரோ பொறுமையாகத் தட்டுவதுபோல், எழுத்து எழுத்தாக அது திரும்ப வந்தது.

சர்வர் அறையில் எப்போதும் குளிர். இன்று அந்தக் குளிரில் தலைவலித் தைலத்தின் வாசனை. வீட்டு அலமாரியில் கணவர் இன்னும் தூக்கிப்போடாமல் வைத்திருக்கும் அதே தைலம். மின்விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் ஒரு பேனாவை அமுக்கி அமுக்கி விடும் ஓசை.

டிக். டிக்.

கணவருக்குப் போன் செய்தாள். "அவங்க பேனாவை அமுக்கிக்கிட்டே இருப்பாங்களா?"



"கோபம் வந்தா மட்டும்," என்றார். "உனக்கு யாரு சொன்னா?"

ஓசை அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

அவள் திரும்பவில்லை. மாமியார் எத்தனையோ முறை அப்படிக் கூப்பிடச் சொல்லியும் வாயில் வராத சொல் அப்போது வந்தது.

"அக்கா... உங்களை வெளிய தள்ளினது தப்புதான். ஆனா அவரு எனக்கும் வீட்டுக்காரர்தானே?"

டிக்.

பிறகு ஒன்றுமில்லை.

அவள் அந்தப் பெட்டியைத் திரும்ப உருவாக்கினாள். சாப்பாட்டு அழைப்பை மறுபடி அனுப்பினாள். அது திரும்பவில்லை. 'வருகிறேன்' என்று கணவரிடமிருந்து பதில் வந்தது. அதற்கு முன்பே இன்னொரு 'வருகிறேன்' வந்திருந்தது.

தீர்வு இதுதான்: அழித்த பெட்டியை அதே பெயரில் மறுபடி திறந்து வைக்க வேண்டும், பிரதிநிதிப் பதிவைத் தொடக் கூடாது, ஹோட்டலில் மேசையை மூன்று பேருக்குச் சொல்ல வேண்டும்.