வேனில் வந்த கரண்ட்

ஷாமிலாவின் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த வாரமே அது காணாமல் போய்விட்டது.

யாரும் திருடவில்லை. கொழும்பிலிருந்து சில நல்ல மனிதர்கள் அனுப்பிய அந்தப் பெட்டியைத் தோட்டத்து லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. "ஸ்கூல்ல கரண்ட் இல்ல. அது ஆபீஸ்ல இருக்கட்டும்" என்று தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் சொல்லிவிட்டாராம்.

அக்கரப்பத்தனையிலிருந்து மேலே ஏறினால் வரும் தோட்டம் அது. ஆபீசுக்கும் தேயிலை ஃபேக்டரிக்கும் கரண்ட் உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கும் இல்லை. கம்பிகள் லயத்துக் கூரைக்கு மேலாகத்தான் போயின. கீழே இறங்கவில்லை.

ஆறாம் ஆண்டில் படிக்கும் ஷாமிலா, தன் வகுப்புப் பையன் பிரதாப்பை இழுத்துக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போனாள்.

பெரிய கிளாக்கர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். திரையில் சீட்டுகள் வரிசையாகக் கிடந்தன. அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஷாமிலா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஐயா, அந்தக் கறுப்பு ஒன்பதைச் சிவப்புப் பத்து மேல வைக்கலாங்க."

அவர் திரும்பாமலே வைத்தார். சரியாக உட்கார்ந்தது. அப்புறம்தான் திரும்பினார்.

"யாரு நீ?"

"ஷாமிலாங்க. வேன் ஓட்டுற அழகுமுத்து மக. எங்க ஸ்கூல் கம்ப்யூட்டரப் பாக்க வந்தோம்."

"பாத்தாச்சுல்ல? கெளம்புங்க."

"பெட்டியில எங்க ஸ்கூல் பேருதாங்க எழுதியிருக்கு."

"பேரு எழுதிட்டா ஓடிருமா? கரண்டக் கொண்டு வா, கம்ப்யூட்டரக் கொண்டு போ."

ஆபீசில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஷாமிலா சிரிக்கவில்லை.

"சரிங்க ஐயா. கொண்டு வர்றேன்."

வெளியே வந்ததும் பிரதாப் கேட்டான்: "எங்கருந்து கொண்டு வருவ?"

"தெரியல. ஆனா சொல்லிட்டேன்ல."

அன்று மாலை, அப்பாவின் வேன் பனிமூட்டத்துக்குள் வளைவில் ஏறி வந்தது. இரண்டு விளக்குகளும் பளிச்சென்று எரிந்தன. ஷாமிலா அப்படியே நின்றாள். இந்த வேனுக்கு யாரும் கம்பி இழுக்கவில்லையே. பிறகு எப்படி எரிகிறது?

மறுநாள் அவள் விஞ்ஞானம் படிப்பிக்கும் றமணன் சேரிடம் போனாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"சேர், வேன் பேட்டரியில கம்ப்யூட்டர் ஓடுங்களா?"

சேரின் முகம் மலர்ந்தது. "ஓடும் பிள்ளை. சண்டை நேரத்தில எங்கட ஊரில கன வருசமாக் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோ கேட்டனாங்கள். என்னட்ட ஒரு இன்வர்ட்டர் கிடக்குது. பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற பெட்டி. உன்ர அப்பா ஓமெண்டு சொல்லுவாரோ?"

அப்பா லேசில் சம்மதிக்கவில்லை. "வேன் பேட்டரியில கை வைக்கிறது நம்ம சோத்துல கை வைக்கிற மாதிரிம்மா" என்றார். ஷாமிலா சாப்பிடும்போது கேட்டாள். வேன் கழுவும்போது கேட்டாள். அப்பா தூங்கப் போகும்போதும் கேட்டாள்.

"ஒரே ஒரு நாளு" என்றார் அப்பா கடைசியில்.

மறுநாள் மத்தியானம், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் நேரம். கூடைகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். வேன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. அதற்குள்ளே ஒரு குண்டு பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

ஷாமிலா படியேறினாள். "ஐயா, கரண்ட் கொண்டாந்திருக்கேங்க."

பெரிய கிளாக்கர் பல்பைப் பார்த்தார். பெண்கள் அவரைப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் அவரால் சொன்ன சொல்லை விழுங்க முடியவில்லை.

"எடுத்துட்டுப் போ. ஒரு வாரத்துல திரும்ப இங்கதான் வரும்."

அன்று பின்னேரம் பள்ளிக்கூட மைதானத்தில் வேனுக்குள்ளே திரை விழித்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறித் தங்கள் பெயரை அடித்தார்கள். பிரதாப் தன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர்தான் தப்பு செய்தது என்று சண்டை போட்டான்.

பிறகு அப்பா சாவியைத் திருப்பினார். வேன் 'டிக்' என்றது. இன்னொரு தரம் திருப்பினார். 'டிக்' மட்டும்தான் வந்தது. பேட்டரி காலி.

மாலையில் வாடகைக்கு ஹயர் போக வேண்டிய ஆட்கள் காத்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து இறக்கத்தில் வேனைத் தள்ளினார்கள். அது இருமி இருமி ஒருவழியாக ஸ்டார்ட் ஆனது. ஆபீஸ் ஜன்னலிலிருந்து பெரிய கிளாக்கரின் குரல் கேட்டது: "தள்ளுற கம்ப்யூட்டர் நல்லா இருக்கே."

அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துருவோம்."

"முடியாதுப்பா."

"வேன் நின்னா நாம என்ன பண்றது?"

"வேன் நிக்காது. அதுக்கும் வழி கண்டுபிடிக்கிறேன். குடுக்க மட்டும் மாட்டேன்."

ஷாமிலா வாசலில் உட்கார்ந்து யோசித்தாள். அப்போது அடுத்த லயத்து ராசம்மா பெரியம்மா, தலையில் ஒரு பேட்டரியைச் சுமந்துகொண்டு, மூச்சு வாங்க நடந்து வந்தாள். அது அவளுடைய டிவி பேட்டரி. கரண்ட் இல்லாத லயத்தில் டிவி பார்க்க அதுதான் வழி. தீர்ந்துபோனால் லிந்துலை டவுனுக்கு பஸ்ஸில் கொண்டுபோய் சார்ஜ் செய்ய வேண்டும்.

ஷாமிலா ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தாள். பேட்டரி பாறாங்கல் மாதிரிக் கனத்தது. அந்தக் கனத்தோடு ஒரு யோசனையும் வந்தது.

"பெரியம்மா, இதை எங்க வேன்ல வச்சுக்கிறோம். வேன் ஓட ஓட சார்ஜ் ஆகும். நீங்க இனிமே லிந்துலைக்குச் சுமக்க வேணாம். பள்ளிக்கூட நாள்ல கம்ப்யூட்டருக்கு, ஞாயித்துக்கிழம ஒங்க படத்துக்கு."

ராசம்மா கண்ணைச் சுருக்கினாள். "படம் பாதியில நின்னுச்சுன்னா?"

"மிச்சக் கதைய நான் வந்து சொல்றேன்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா நல்லபடியா முடிச்சு வச்சுருவேன்."

ராசம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். "எடுத்துக்க."

மறுநாளே வேலை தொடங்கியது. றமணன் சேரும் அப்பாவும் வயர்களை இழுத்தார்கள். இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவில் ஒரு சுவிட்ச். எஞ்சின் ஓடும்போது சுவிட்சைப் போட்டால் இரண்டும் சார்ஜ் ஆகும். எஞ்சினை நிறுத்தியதும் சுவிட்சையும் நிறுத்திவிட்டால், ராசம்மாவின் பேட்டரியில் மட்டும் கம்ப்யூட்டர் ஓடும். வேனின் பேட்டரியை அது தொடாது.

ஆனால் தோட்டத்து ரோட்டில் குழிகளுக்குக் குறைச்சலில்லை. கம்ப்யூட்டர் குலுங்கி உள்ளே ஏதாவது கழன்றுவிடும் என்று சேர் பயந்தார். ஷாமிலா பழைய டயர் டியூப்பைப் பட்டை பட்டையாக வெட்டிக் கொண்டுவந்தாள். "இது மேல உக்கார வைப்போம் சேர். குலுங்கினா டியூப் வாங்கிக்கும்."

"நல்ல மூளை" என்றார் சேர்.

இனி ஒரு வேலைதான் பாக்கி. பின் சீட்டைக் கழற்றி, அந்த இடத்தில் பலகை வைத்து, வேனின் தரையோடு போல்ட் போட வேண்டும். பின் சீட் போனால் ஹயரில் ஆள் குறையும். அப்பா ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"போட்டா போட்டதுதான் ஷாமிலா. அப்புறம் சும்மா சும்மா கழட்ட முடியாது."

"அதுக்காகத்தாம்ப்பா."

அப்பா பெருமூச்சு விட்டுக் குனிந்தார். சீட் வெளியே வந்தது. பலகை உள்ளே போனது. போல்ட்டுகள் இறுகின.

அன்றிலிருந்து வேன் நாளுக்கு ஒரு டிவிஷனாகத் தோட்டத்தின் பகுதிகளுக்கெல்லாம் போனது. அந்தந்த லயத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பின்னேரம் முழுக்க ஓடினாலும், சாவியைத் திருப்பியதும் வேன் உடனே ஸ்டார்ட் ஆனது.

ஒரு நாள் வேன் பள்ளிக்கூட மைதானத்தில் நின்றபோது, பெரிய கிளாக்கர் அங்கேயே வந்துவிட்டார்.

"தோட்டத்துத் தொரையப் பாக்கப் பெரியவங்க வர்றாங்க. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இருக்கணும். கழட்டிக் குடு."

ஷாமிலா வேன் கதவுக்கு நடுவில் நின்றாள். நகரவில்லை.

"குடுக்க மாட்டேங்க. கரண்டக் கொண்டு வரச் சொன்னீங்க, கொண்டாந்தேன். இது எங்க ஸ்கூலோடது."

"சின்னப் புள்ளகிட்ட எனக்கென்ன பேச்சு. அழகுமுத்து, ஸ்பேனர எடு."

அப்பா வேனுக்குள் பார்த்தார். சீட் இருந்த இடத்தில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஸ்பேனரை எடுத்தார். டிரைவர் சீட்டில் வைத்தார். அதன்மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டார்.

"ஸ்பேனரக் காணோங்க ஐயா" என்றார்.

"இப்பத்தான கையில இருந்துச்சு?"

"ஆமாங்க. இப்பக் காணோம். கம்ப்யூட்டர் தரையோட போல்ட் போட்டிருக்கு. வேனோட எடுத்துட்டுப் போகலாம். ஆனா நான் ஓட்ட மாட்டேன்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பெரிய கிளாக்கர் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு கேட்டு வரவில்லை.

மழைக்காலம் தொடங்கிய சமயம். ஒரு நாள் வரிசையின் கடைசியில் ஒரு புதிய சிறுமி நின்றாள். பெரிய கிளாக்கரின் மகள் ஊர்மிளா.

"ஒங்க அப்பாகிட்டக் கேளு, போ" என்றான் பிரதாப்.

ஊர்மிளா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆபீஸ்ல இருந்தப்ப என்னைத் தொடவே விடல."

ஷாமிலா பிரதாப்பை முறைத்தாள். பிறகு ஊர்மிளாவிடம் சொன்னாள்: "வரிசையில நில்லு. ஒன் மொற வரும்."

முறை வந்தது. ஊர்மிளா ஏறி உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய கிளாக்கர் மகளைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"ஊர்மிளா, எறங்கு. வீட்டுக்குப் போவோம்."

ஊர்மிளா திரும்பவே இல்லை.

ஷாமிலா வேனிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவ மொற இன்னும் முடியலங்க ஐயா. கொஞ்சம் நில்லுங்க."

தூறல் விழ ஆரம்பித்தது. பெரிய கிளாக்கர் குடையை விரித்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.