ஆறாவது பிளாப்பி

முதல் பிளாப்பி ஈரமாக வெளியே வந்தது.

சாமுண்டீஸ்வரி அதை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போகும்போது காய்ந்து, மொடமொடவென்றுதான் இருந்தது. இப்போது அதன் கறுப்பு உறையின் ஓரத்தில், தூங்குகிற குழந்தையின் கடைவாயில் வழிவது போல ஒரு வழவழப்பு. புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்ததை முகர்ந்து பார்த்ததுதான் தப்பு. கறிக்கடையில் வெட்டுக்கட்டையைக் கழுவிவிட்ட தண்ணீரின் வாடை.

ஒழுகுகிறதோ என்று அண்ணாந்தாள். வெளியே ஐப்பசி மழை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுவதையும் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் மாடி அறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை காய்ந்தே இருந்தது.

கம்ப்யூட்டர் திரை அடுத்த பிளாப்பியைக் கேட்டது. இரண்டு, மொத்தம் பத்தில்.

பத்தா? டப்பாவில் இருந்தது ஐந்துதான். "அஞ்சே பிளாப்பி மேடம். அது கேக்கும், நீங்க போடுங்க. கேட்டதைக் குடுத்தா சமத்தா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் பரந்தாமன் கிளம்பியிருந்தான். சாஃப்ட்வேர் என்றால் இப்படி யாராவது பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தால்தான் உண்டு. காட்டுப்பாக்கத்திலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்தவன், ரோட்டில் தண்ணீர் ஏறுவதற்குள் போகவேண்டும் என்று ஓடிவிட்டான். போவதற்கு முன், பில் எப்படி அடிப்பதென்று வெறும் கீபோர்டில் விரல் வைத்து அவளுக்குக் காட்டிக் கொடுத்தான். எண்கள் எல்லாம் கீபோர்டின் வலது ஓரத்தில் இருந்தன. வலது கை மட்டும் ஓடினால் போதும். இடது கை மடியில் சும்மா கிடக்கும்.

மொத்தம் ஏதோ தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு இரண்டாவதைச் செருகினாள். பிளவின் மேலிருந்த சின்ன நெம்புகோலைத் திருகி மூடினாள்.

கர்ர்... கர்ர்... சப்.

அந்த 'சப்' அவளுக்குப் பிடிக்கவில்லை.

முதலாளி உலகநாதன் மதியமே சொல்லிவிட்டுப் போயிருந்தார். "நாளைக்குக் காலைல பெரிய கம்பெனிக்காரங்க வராங்க. பில்லு இதுல வரணும். வரலைன்னா நீ வரவேணாம். கீழ உன் பெஞ்சுக்கும் ஆள் போட்டாச்சு."

கீழே இரும்புத் தகடு வெட்டுகிற பிரஸ் ஷெட்டில், தகடுகளின் பிசிறைத் தேய்க்கிற பெஞ்சிலிருந்து மேலே வந்தவள் அவள். எண்ணெய்ப் பிசுக்கும் நகத்தடியில் இரும்புத் தூளுமாக இருந்த கைகளை, மேலே வந்த பிறகு சந்தன சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்திருந்தாள். வேப்பம்பட்டு வீட்டில், மில்லை மூடிய பிறகு அப்பா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான்.

இரண்டாவது வெளியே வந்தது. அதில் ஓர் இறகு ஒட்டியிருந்தது. சின்னது. வெள்ளை. அடித்தண்டில் மட்டும் சிவப்பு.

இது துலுக்கானத்தின் வேலை. வேறு யார்? போன வாரம் ஆயுத பூஜைக்குச் சேவலை அறுத்து, ஒவ்வொரு பிரஸ்ஸின் வாயிலும் ரத்தம் தொட்டு வைத்த கையோடு மாடிக்கு ஏறி வந்தார் அந்த ஃபோர்மேன். செகண்ட் ஹேண்டில் வாங்கி அன்றுதான் இறக்கியிருந்த கம்ப்யூட்டரில், பிளாப்பி போடுகிற பிளவின் நீளத்துக்கும் விரலால் ஒரு தீற்று.

"ஐயே, இன்னா அண்ணே இது! இதும் மேலயுமா?"

"வாய் கீற மிஷினுக்கெல்லாம் வெச்சாவணும் தங்கச்சி. இதுக்கும்தான் வாய் கீதே, தோ!"

"இது பிரஸ்ஸா அண்ணே? கையையா கடிக்கும்?"

"போன வருசம் பூஜை பொரட்டாசில வந்துச்சின்னு மொதலாளி கவுச்சி வாணாம், பூசணிக்கா போதும்ட்டாரு. அந்த மாசமே வேம்புலி கை இன்னாச்சி? நீ பக்கத்துலதானே குந்திகினு இருந்தே?"

பக்கத்தில்தான் இருந்தாள். மரத்தூளைக் கொட்டிப் பெருக்கினார்கள். துடைப்பத்துக்கு முன்னால் எதுவோ உருண்டு போனது. அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததைத்தான் இன்றுவரை கனவில் பார்க்கிறாள்.

இந்த வருஷம் பூஜையன்றைக்கே, கம்ப்யூட்டரின் பிளவில் தீற்றிய ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டிருந்தாள். வெளியே இருந்ததை.

மூன்றாவதைப் போட்டாள். சத்தம் மாறியிருந்தது. பல் இல்லாத ஈறுகள் ஊறிப்போன எதையோ மெல்லுகிற சத்தம், நடுவில் ஒரு விழுங்கல், பிறகு மூச்சு. பிளவிலிருந்து வெதுவெதுப்பான காற்று அவள் மணிக்கட்டில் பட்டது. ஜன்னலை மூடியிருந்தும் எங்கிருந்தோ இரண்டு ஈக்கள் வந்து அந்தப் பிளவின் ஓரத்தில் உட்கார்ந்தன. ஒன்று உள்ளே போயிற்று. திரும்பி வரவில்லை.

மூன்றாவது பிளாப்பியை நுனிவிரலால் உருவினாள். வழவழப்பு நூல் நூலாக நீண்டு, அறுந்து, கீபோர்டில் விழுந்தது. கீபோர்டைத் தலைப்பால் துடைத்தாள். நான்காவது உள்ளே போனபோது நெம்புகோலை அவள் திருகவே இல்லை. அதுவே திரும்பிக்கொண்டது.

"இன்னாம்மா, ஆச்சா?" துலுக்கானம் படியில் நின்று எட்டிப் பார்த்தார். தலையில் கோணிப்பை. "கரண்டு பூடப்போவுது. கீய பூட்டணும்."

"அண்ணே, இங்க ஒரு மாதிரி நாத்தம் அடிக்குதில்ல?"

அவர் மூக்கை உறிஞ்சினார். "கீய சேவக் கொயம்புதான் ஒரு வாரமா நாறுது. உன் டப்பாவுல இன்னா நாறும்? சட்டுனு முடி. பட்டரவாக்கத்துல ரயிலு நின்னுடப் போவுது."

இறங்கிப் போய்விட்டார். அவரைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? மிஷின் எச்சில் வடிக்கிறது என்றா? நாளைக்கு எஸ்டேட் முழுக்கச் சிரிக்கும்.

ஐந்தாவது.

மென்றது. நெடுநேரம் மென்றது. திரையில் பச்சைக் கோடு பாதிவரை வந்து நின்றது. பிளாப்பியை அதுவே வெளியே தள்ளியது. ஓரமெல்லாம் சுருங்கி, சப்பிப் போட்ட எலும்பு மாதிரி.

ஆறைப் போடவும் என்றது திரை.

டப்பாவைக் கவிழ்த்தாள். காலி. பரந்தாமனுக்குப் போன் போட ரிசீவரை எடுத்தாள். மழையில் லைன் செத்துக் கிடந்தது. ஐந்தாவதையே திரும்பச் செருகினாள். துப்பியது. முதலாவதைச் செருகினாள். துப்பியது. அந்த வழவழப்பு அவள் கன்னத்தில் தெறித்தது. புறங்கையால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் பரவியது.

நிறுத்திவிடலாம் என்று பட்டனைத் தட்டினாள். பாதியில் நிறுத்தினால் இதுவரை ஏற்றியது அழிந்துவிடும், நிறுத்தவா என்று கேட்டது.

காலையில் கம்பெனிக்காரர்கள். அப்பா, வாசல்.

இல்லை என்று தட்டினாள்.

உள்ளே ஏதோ துண்டு சிக்கியிருக்கிறது. அவ்வளவுதான். சேவலின் துணுக்கு. எடுத்துவிட்டால் சரியாகிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது கைச் சுண்டுவிரலைப் பிளவுக்குள் விட்டாள்.

தகடு இல்லை.

மெத்தென்று இருந்தது. சூடாக. ஈரமாக. அடியில் சின்னச் சின்னக் கணுக்கள். ஒரு நாக்கு அவள் விரலைச் சுற்றி, நகத்தடியை நக்கி, நிதானமாக ருசி பார்த்தது.

இழுத்தாள்.

வரவில்லை.

நெம்புகோல் திரும்பியது.

வலிக்கவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கர்ர். சப். கர்ர். சப். பச்சைக் கோடு நகர்ந்தது. பிறகு பிளவு அவளை விட்டது.

கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுண்டுவிரல் இருந்த இடம் வழுவழுவென்று, ஒரு சொட்டு ரத்தமில்லாமல், சோப்புப் போட்டுக் கழுவியதைவிடச் சுத்தமாக இருந்தது. வாயில் எச்சில் ஊறி வழிந்தது. அதன் வாயிலா, தன் வாயிலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஏழைப் போடவும்.

கீழே ஷட்டரை இழுக்கிற சத்தம். "ஆச்சா தங்கச்சி?"

பத்தில் ஆறு ஆகியிருந்தது. மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். நான்கு.

"ஆவுது அண்ணே," என்றாள். "இன்னும் நாலுதான்."

பில் அடிக்க வலது கை போதும். மோதிர விரலைப் புடவைத் தலைப்பில் நன்றாகத் துடைத்தாள். ஈ உட்கார்ந்திருந்த பிளவு, அவள் நீட்டுவதற்கு முன்பே திறந்துகொண்டது.