உறையாத தயிர்

செவ்வாய், காலை 7.10.

திண்டுக்கல் மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில், டாக்டர் சுகன்யா ஒரு வட்டத் தட்டை வெளிச்சத்தில் பிடித்தபடி நின்றாள். தட்டு நிறையக் கிருமி. நடுவே ஏழு மருந்து வில்லைகள். வேலை செய்யும் மருந்தைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவாக வளையம் விழும். ஆறு வில்லைகளின் விளிம்பு வரை கிருமி மொய்த்திருந்தது. ஏழாவதைச் சுற்றி மட்டும் மெல்லிய வளையம்.

நான்கு வயது பாஸிலாவின் இரத்தத்தில் இருந்த கிருமி அது.

7.25. ஏழாவது மருந்து குழந்தைக்கு ஏறத் தொடங்கியது. அதற்கு மேல் மருந்து இல்லை.

8.00. வராந்தாவில் பாஸிலாவின் அப்பா அயாஸ் பாதி காலியான மாத்திரை அட்டையை நீட்டினான். பேகம்பூரில் தோல் கிடங்கு வைத்திருப்பவன்.

"பீரோவுல இருந்துச்சு டாக்டர். லேசா தும்முனாலே இவ மாத்திரையக் குடுத்துருவா."

மனைவி ருக்ஸார் சுவரில் சாய்ந்திருந்தாள். அது தன் பல்வலிக்கு வாங்கியது என்றாள். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

சுகன்யா அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு அட்டை மாத்திரையில் இப்படி ஒரு கிருமி உருவாகிவிடாது. மருத்துவமனையில் தொற்றியதும் அல்ல. சனிக்கிழமை வந்து சேர்ந்த பத்தாவது நிமிடம் எடுத்த இரத்தம் இது. அப்படியானால் எங்கிருந்து?

"பச்சைப் பால் குடிப்பாளா?"

அயாஸ் முந்திக்கொண்டான். "எங்க வீட்ல காய்ச்சாம ஒரு சொட்டு குடிக்க மாட்டோம்."

இரண்டு வாரமாக நடந்ததை, அற்பமானதையும் விடாமல் சொல்லச் சொன்னாள் சுகன்யா. ருக்ஸார் சொன்னாள். பிள்ளை தினமும் விடியலில் அத்தா அயாஸோடு வண்டியில் போய்ப் பால் வாங்கி வருவாள். வந்ததும் தன் டம்ளர் பாலை வேண்டாம் என்று தள்ளிவிடுவாள். முந்தின வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு தயிர் உறையவில்லை. திங்களன்று அதே உறைமோர், அதே கை, கட்டியாக உறைந்தது.

"இவரோட அம்மா, மாமிக்குக் கோவம். ஒன் கை பட்டா பால்கூட ஒறைய மாட்டேங்குதுன்னாங்க."

சுகன்யாவின் பேனா நின்றது.

10.30. ரெட்டியார்சத்திரம் போகும் சாலையோரம், அயாஸ் பால் வாங்கும் ஜக்கம்மாளின் மாட்டுத் தொழுவம். செவலைப் பசு சாதுவாக அசை போட்டது. பரணில் காலி ஊசி மருந்துக் குப்பிகள்.

"மடி கல்லாட்டம் வீங்கிருச்சும்மா. முன்ன மாட்டு டாக்டர் எழுதிக் குடுத்த மருந்துதேன், வருசமா அதையே வாங்கிப் போடுறேன். முந்துன வாரம் வெள்ளிக்கிழம ஆரம்பிச்சேன். மூணு நாள்ல வீக்கம் வத்திருச்சு, நிப்பாட்டிட்டேன்."

தூணில் வரிசையாக ஐந்து குட்டி டம்ளர்கள் தொங்கின. யார் யாருடையவை என்று சுகன்யா கேட்டாள். ஜக்கம்மாள் பால் வாங்க வரும் ஐந்து பிள்ளைகளின் பெயர்களையும் வாஞ்சையோடு சொன்னாள். கழுவிய சாணத் தண்ணீர் வாய்க்கால் வழியே கொத்தமல்லிப் பாத்திக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. சுகன்யா பாலையும் சாணத்தையும் பாத்தி மண்ணையும் சிறு குப்பிகளில் எடுத்துக்கொண்டாள்.

வியாழன், மாலை 4.15. பாஸிலாவின் காய்ச்சல் ஒரு டிகிரி இறங்கியிருந்தது. ஒன்றே ஒன்று.

"பசுவோட பால்லயும் அதே கிருமி. சாணத்துல, கொத்தமல்லி மண்ணுலகூட," என்றாள் சுகன்யா. "காய்ச்சினா கிருமி சாகும். ஆனா ஊசி மருந்து பால்ல தங்கிடும். அதுதான் உறைமோரைக் கொன்னது. ருக்ஸார் கை இல்ல. அரைகுறையாப் போட்ட மருந்துக்குத் தப்புன கிருமி, காய்ச்சாத பால்ல இருந்துச்சு. வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க. பாஸிலா மட்டும் ஏன் வீட்டுக்கு வந்து பால் வேண்டாம்னா?"

சுகன்யா அயாஸின் பக்கம் திரும்பினாள்.

"அயாஸ், எங்க வீட்லன்னு சொன்னீங்க. தொழுவத்துல?"

அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கறந்த சூட்டில் நுரைப்பால் என்றால் பிள்ளைக்கு உயிர். ருக்ஸார் கூடாது என்று சொல்லியிருந்தாள்.

"ஒதட்டுல வெள்ளையா மீசை இருக்கும். கர்ச்சீப்பால தொடச்சுத்தான் வீட்டுக்குள்ள விடுவேன்." மனைவியை நிமிர்ந்து பார்த்தான். "பயந்துட்டேன் ருக்ஸார்."

"மூணு நாளா என்னயத்தான கேட்டீங்க," என்றாள் அவள். அவ்வளவுதான்.

தொழுவத்தில் குடித்த மற்ற நாலு பிள்ளைகளையும் செவ்வாயன்றே தேடிப் போனதாகச் சுகன்யா சொன்னாள். மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. நான்காவது வீடு பூட்டியிருந்தது. நத்தம் ஊரில் உறவினர் வீட்டுக்குப் போயிருப்பதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். போனில் கிடைக்கவில்லை.

4.40. வராந்தாக் கோடியில் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம். துவண்ட ஒரு சிறுமி. பின்னால் ஓடிவரும் தாயிடம் அவள் கணவன் கத்தினான்.

"என்ன மாத்திரையடி குடுத்த பிள்ளைக்கு?"

அயாஸ் பெஞ்சிலிருந்து எழுந்தான். அந்தப் பிள்ளையை அவனுக்குத் தெரியும். தினமும் பாஸிலாவின் பக்கத்தில் நின்று குடித்தவள்.

சுகன்யா ஆய்வகத்துக்கு ஓடினாள். ருக்ஸார் எழுந்து நடந்தாள். அந்தத் தாயின் கையைப் பிடித்து, கணவனுக்கும் கேட்கும்படி மெதுவாகக் கேட்டாள்.

"காலைல வீட்ல பால் குடுத்தா, வேண்டாம்பாளாக்கா?"