காலிப் பெட்டியின் எடை எழுபத்தொன்பது கிலோ

செல்போன் அலறியது.

காலை பதினொன்று பத்து. இன்ஸ்பெக்டர் அப்போதுதான் டீ டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்.

"மாமா..."

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. மனைவியின் தம்பி! மூன்று வருடங்களுக்கு முன்னால் 'ரெண்டே நாள்' என்று ஒரு பையோடு வீட்டுக்கு வந்து, அந்த இரண்டு நாளை இன்னும் முடிக்காத மச்சான்.

"எங்கடா இருக்கே? காலையில ரிமோட்டை எங்க வச்சே?"

"பெட்டிக்குள்ள இருக்கேன் மாமா... அந்தப் பெட்டி இன்னொரு பெட்டிக்குள்ள... அது எதுக்குள்ளன்னு தெரியல... மூச்சு முட்டுது... அக்கா... அக்கா..."

"அக்காவுக்கு நான் சொல்லிக்கறேன். பயப்படாதே. எந்தப் பெட்டி?"

"என்னை... காலி... காலி..."

டொக்!

மறுபடி அழைத்தார். சுவிட்ச் ஆஃப்.

டீ, டம்ளரோடு தரையில் கிடந்தது.

"என்ன சார்?" என்றார் கான்ஸ்டபிள். ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. மீசைக்கு மட்டும் இன்னும் இருபது வருட சர்வீஸ் இருக்கும் போல் தெரியும்.

"மச்சானை யாரோ காலி பண்ணப் பாக்கறாங்கய்யா. பெட்டிக்குள்ள போட்டு அடைச்சிருக்காங்க. சாகப்போற நேரத்துல அக்கா அக்கான்னு அழறான்."

"பாசக்காரப் பையன் சார்."

"வண்டியை எடு."

* * *

மச்சான் மேற்பார்வையாளராக இருந்த பார்சல் கிடங்கு... அதை எப்படிச் சொல்ல? ஒரு கோடியில் தும்மினால் மறு கோடியில் மறுநாள்தான் கேட்கும். தரையிலிருந்து கூரை வரை இரும்பு அடுக்குகள். அடுக்குகளில் மரக்கூண்டுகள். கூண்டுகளுக்குள் பெட்டிகள். பெட்டிகளுக்குள் பெட்டிகள். மொத்தம் நாற்பதாயிரம்!

"ஒவ்வொண்ணா தட்டிப் பாத்தா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாலு நாள் ஆகும் சார்," என்றாள் கேள்விக்காரி.

பேரே அதுதான். கிடங்கின் கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்பதுதான் அவள் உத்தியோகம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அதையே தேடிக்கொண்டிருப்பாள்.

"காத்து எவ்வளவு நேரம் தாங்கும்?"

கான்ஸ்டபிள் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "பேச்சு மூச்சில்லாம இருந்தா பன்னெண்டு மணி வரைக்கும் சார். நம்ம மச்சான் பேசாம இருக்கமாட்டாரே."

இன்ஸ்பெக்டர் ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் போட்டார். மனைவியும் இதே கிடங்குதான். பேக்கிங் பகுதித் தலைவி. நாற்பது விநாடியில் ஒரு பெட்டியை மடித்து, நிரப்பி, ஒட்டித் தள்ளுகிறவள். கிடங்கு முழுக்க அவளுக்கு 'டேப் அக்கா' என்றுதான் பெயர். இன்றைக்குக் காலை அரைமணி நேரம் வேலை பார்த்துவிட்டு லீவு போட்டு வீட்டுக்குப் போயிருந்தாள்.

உண்மையைச் சொன்னால் நெஞ்சு தாங்குமா? தாங்காது.

"உன் தம்பி... காலையில உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

"எங்க போயிடப் போறான், வந்துடுவான். நீங்க சாயங்காலம் சீக்கிரம் வாங்க. உங்களுக்கு ஒரு வேலை வச்சிருக்கேன்."

பாவம், ஒன்றும் தெரியாத அப்பாவி! இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

* * *

பதினொன்று இருபது.

"இதுவரைக்கும் உயிரோட பேசினான். அப்போ பெட்டியில காத்துத் துளை இருக்கணும்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆள் உட்கார்ற அளவுக்குப் பெருசாவும் இருக்கணும். கேளும்மா."

கேள்விக்காரி தட்டினாள். துளை இருக்க வேண்டும். பெரிதாக இருக்க வேண்டும்.

ஒரே ஒரு கூண்டு வந்தது!

"ஏழாம் அடுக்கு!"

ஓடினார்கள். கான்ஸ்டபிள் கடப்பாரையால் பலகையைப் பிளந்தார். உள்ளே ஆளுயரப் பெட்டி. கிழித்தால்... துணி அலமாரி. துளையே இல்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதில் துளைகள். அதைத் திறந்தால்...

நாற்பது வாத்துக் குஞ்சுகள்!

நாற்பதும் முதலில் பார்த்தது கான்ஸ்டபிளின் மீசையை. அந்த விநாடியே அவரைத் தாயாக ஏற்றுக்கொண்டன.

"என்னம்மா இது?"

கேள்விக்காரி உதட்டைக் கடித்தாள். "தப்பு என்னுதுதான் சார். ரெண்டும் ஒரே பெட்டிக்குப் பொருந்தணும்னு நான் சொல்லல. கூண்டுக்குள்ள ஒண்ணுல துளை இருக்கு, வேற ஒண்ணு பெருசா இருக்கு. போதும்னு கூண்டையே குடுத்துடுச்சு."

"அதாவது ஒரு வீட்டுல தாத்தாகிட்ட கத்தி இருக்கு, பேரனுக்குக் கோபம் இருக்குன்னு..."

"மொத்தக் குடும்பத்தையும் உள்ள தூக்கிப் போட்ட மாதிரி சார்."

"நாங்க அப்படித்தாம்மா செய்வோம். அது வேற விஷயம். மறுபடி கேளு."

கேட்டாள். இந்தத் தடவை இரண்டு நிபந்தனையும் ஒரே பெட்டிக்கு.

ஒன்றும் வரவில்லை.

"துளையை வெளியில இருக்கிற பெட்டி மறைச்சிருந்தா அது பதிவுலயே ஏறியிருக்காது," என்றாள் மெல்ல.

* * *

பதினொன்று முப்பத்தொன்று. வாத்துகள் வரிசையில் வந்தன.

"எடையை வச்சுப் பிடிக்கலாம்," என்றார் இன்ஸ்பெக்டர். "அவன் எழுபத்திரண்டு கிலோ. எங்க வீட்டு சோஃபாவைக் கேட்டாலே சொல்லும்."

கிடங்கில் இரண்டு பதிவேடுகள். பெட்டிகளின் பதிவேடு ஒன்று. வாசல் தராசுகளின் பதிவேடு இன்னொன்று. கேள்விக்காரி இரண்டையும் பெட்டி எண்ணை வைத்துச் சேர்த்தாள். பெட்டிக்குப் பெட்டி எடையைக் கூட்டச் சொன்னாள்.

எழுபத்திரண்டு கிலோ! கச்சிதமாக! மூன்றாம் அடுக்கு!

கான்ஸ்டபிள் பாய்ந்தார். வாத்துகளும் பாய்ந்தன. பெட்டி கிழிந்தது.

உள்ளே எடை பார்க்கும் மெஷின்கள். குளியலறையில் வைப்பார்களே, அது. இருபத்துநாலு கிலோ.

இன்ஸ்பெக்டர் ஒரு மெஷினை எடுத்துப் பார்த்தார். மெஷின் அவரைப் பார்த்தது.

"இருபத்துநாலு எப்படிம்மா எழுபத்திரண்டாச்சு?"

"இந்தப் பெட்டி மூணு வாசல் தாண்டி வந்திருக்கு சார். மூணு தடவை எடை போட்டிருக்காங்க. சேர்த்தப்போ ஒரே பெட்டி மூணு வரியா வந்து நின்னுடுச்சு. மூணையும் கூட்டிட்டேன்."

"ஒருத்தன் மூணு கல்யாணத்துக்குப் போனா மூணு ஆளும்மா?"

"சாப்பாட்டுக் கணக்குல மூணுதான் சார்," என்றார் கான்ஸ்டபிள்.

இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் இரண்டு வாத்துகள் உட்கார்ந்துவிட்டன.

* * *

பதினொன்று நாற்பது.

இப்போது கேள்விக்காரியின் விரல்கள் பறந்தன. பெட்டிக்குக் கடைசித் தராசு எடை ஒன்று மட்டும். உள்ளே எழுதியிருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியே விரித்து, பெட்டிவாரியாகக் கூட்டி, தராசு எடையோடு ஒப்பிட்டாள். எழுதாத எடை எந்தப் பெட்டியில் ஒளிந்திருக்கிறதோ, அதில்தான் மச்சான்!

திரை மின்னியது.

வித்தியாசம் உள்ள பெட்டிகள்: பூஜ்யம்.

"எல்லாப் பெட்டியும் சரியா இருக்கு சார்." அவள் குரல் உடைந்தது. "அவர்... இந்தக் கிடங்குலயே இல்ல."

இன்ஸ்பெக்டர் ஒரு மரக்கூண்டின் மேல் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நேத்து ரிமோட்டைப் பிடுங்கிக்கிட்டேன்யா அவன்கிட்டேருந்து. கிரிக்கெட்ல கடைசி ஓவர். 'வீட்டைக் காலி பண்ணுடா'ன்னு கத்தினேன். அதான் நான் நேர்ல பேசின கடைசி வார்த்தை."

"அப்படிச் சொல்லாதீங்க சார்."

"அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

கான்ஸ்டபிளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் அழுவதைப் பார்க்க மனமில்லாமல் வாத்துகளைப் பிடிக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, இதுங்களைப் போட ஒரு காலிப் பெட்டி குடும்மா."

கேள்விக்காரியின் கை அந்தரத்தில் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"காலிப் பெட்டிம்மா. உள்ள ஒண்ணும் இல்லாதது."

"சார்!" அவள் நாற்காலி கவிழ்ந்தது. "அவர் போன்ல என்ன சொன்னார்? 'காலி பண்ணிட்டாங்க'ன்னா?"

"காலின்னான். பண்ணிட்டாங்கன்னு நானாத்தான்..."

"காலின்னு எழுதியிருக்காங்க சார்! உள்ள இருக்கிற பொருளை வெளிய விரிச்சுத்தானே சேர்த்துப் பாத்தேன்? உள்ள ஒண்ணுமே எழுதாத பெட்டிக்கு விரிக்க என்ன இருக்கு? ஜோடியா வந்தாத்தான் உள்ள விடுவேன்னு சொன்னா, தனியா வந்தவன் வாசலோட போயிடுவான். அப்படியே வரிசையிலேருந்தே காணாமப் போயிடுச்சு."

"தனியா வந்தவனையும் உள்ள விடும்மா!"

விட்டாள். ஜோடி இல்லாவிட்டாலும் பெட்டி வரிசையில் நிற்க வேண்டும் என்று கேள்வியை மாற்றினாள்.

ஒரு வரி வந்தது.

உள்ளே இருப்பது: காலி. தராசு எடை: எழுபத்தொன்பது கிலோ!

"எழுபத்திரண்டு போக ஏழு?"

"அட்டையோட எடை சார். ஒன்பதாம் அடுக்கு, மேல் தட்டு!"

உலகத்திலேயே மிக வேகமாக ஓடிய இன்ஸ்பெக்டரை அன்றைக்கு அந்தக் கிடங்கு பார்த்தது. ஏணியில் அவர் ஏறவில்லை; ஏணிதான் அவருக்குக் கீழே ஓடியது. முதல் பெட்டியைக் கிழித்தார். இரண்டாவதைக் கிழித்தார். மூன்றாவதில் பதினாலு துளைகள். அதையும் கிழித்தார்.

மச்சான்!

முகம் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. மடியில் தலையணை. பிஸ்கட் பாக்கெட் இரண்டு. தண்ணீர் பாட்டில். நெஞ்சு ஏறி இறங்கியது.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

இன்ஸ்பெக்டர் அவனைக் கட்டிக்கொண்டார். மூன்று வருடத்தில் முதல் தடவை.

"ரிமோட்டை நீயே வச்சுக்கடா."

* * *

கீழே இறக்கி, விசிறிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். மச்சான் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

"மூணு பெட்டி எதுக்குடா?"

கேள்விக்காரிதான் பதில் சொன்னாள். "புது மெஷின் சார். இன்னிக்குக் காலையிலதான் ஓட ஆரம்பிச்சுது. காலின்னு எழுதின பெட்டி வந்தா, இடம் மிச்சம்னு கணக்குல ஏறாத பெரிய பெட்டிக்குள்ள, அதை இன்னொண்ணுக்குள்ளன்னு போட்டுடும். துளை அடைச்சது அப்படித்தான்."

"அப்போ முதல் பெட்டியில அடைச்சது யாரு? அவனை நான் சும்மா விடமாட்டேன். கேளும்மா, உன் கம்ப்யூட்டரை."

"காலின்னு பதிவான பெட்டி எல்லாத்தையும் பதிவு பண்ணினவங்க நம்பர் வாரியா பிரிச்சுக் கேக்கறேன் சார். ஒரு ஆளுக்கு ஒரு வரி."

தட்டினாள். பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"ஒரே வரிதான் சார். பதினேழாம் நம்பர். மொத்தம்... ரெண்டு பெட்டி."

"பதினேழு யாரு?"

கேள்விக்காரி கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினாள்.

"டேப் அக்கா சார்," என்றாள் காதுக்கே கேட்காமல்.

இன்ஸ்பெக்டர் மச்சானைப் பார்த்தார். மச்சான் பிஸ்கட்டைப் பார்த்தான்.

"போன்லயே சொன்னேனே மாமா. அக்கா, அக்கான்னு ரெண்டு தடவை."

"நான் பாசம்னு நெனச்சேன்டா."

"'இந்தப் பெட்டி கெட்டியா இருக்கா, உக்காந்து பாருடா'ன்னா. உக்காந்தேன். நாப்பது விநாடி மாமா. திரும்பிப் பாக்கறதுக்குள்ள ஒட்டிட்டா."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார்.

"உன் தம்பி கிடைச்சுட்டான்."

"அதுக்குள்ள திறந்துட்டீங்களா?" என்றாள் டேப் அக்கா.

"மூச்சு முட்டியிருக்கும்டி. புது மெஷின் மேல ரெண்டு பெட்டி மாட்டி..."

மறுமுனையில் அப்புறம் வந்த குரல் வேறு குரல். "ஐயோ... அந்த மெஷின் அடுத்த வாரம்தான் ஓடும்னாங்களே. பதினாலு துளை போட்டேனே. நல்லா இருக்கானா? அவன்கிட்ட குடுங்க."

"நல்லா இருக்கான். பிஸ்கட் தின்னுக்கிட்டு இருக்கான். எதுக்கு இப்படிப் பண்ணினே?"

"மூணு வருஷம். தினமும் ரிமோட்டுக்குச் சண்டை. காலி பண்ணு, மாட்டேன், காலி பண்ணு, மாட்டேன். ஒரு மூணு நாள் வீடு காலியா, சத்தமில்லாம இருக்கணும்னு ஆசைப்பட்டேன். இல்லாத ஊர் விலாசம் எழுதினேன். மூணாம் நாள் 'விலாசம் தவறு'ன்னு அவங்களே வீட்டுல கொண்டுவந்து குடுத்துடுவாங்க. என் தம்பியாச்சே, திரும்பி வரவேண்டாமா?"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். கேள்விக்காரியின் திரையில் அந்த எண் அசையாமல் நின்றது. மொத்தம்: இரண்டு.

"அந்த ரெண்டாவது பெட்டி..."

கேள்விக்காரி வாசித்தாள். "நீளம் ஆறடி. இருப்பது, அனுப்புநர் வீட்டுல. உள்ள... இப்போதைக்குக் காலி சார்."

போனில் டேப் அக்கா அன்பாகச் சொன்னாள்.

"அதான் சாயங்காலம் சீக்கிரம் வாங்கன்னேன். முழங்காலை மட்டும் கொஞ்சம் மடக்கணும்."

மச்சான் எழுந்து வந்தான். மாமாவின் கையில் தன் தலையணையைத் திணித்தான்.

"வச்சுக்கோங்க மாமா. அட்டை ரொம்ப உறுத்துது."