இருநூற்றுப் பதினோராவது சோப்பு

சோப்புப் பட்டறை முதலாளிக்கு ஆட்கள் ரகசியமாக வைத்த பெயர் சந்தேகராயர். பூனை கொட்டாவி விட்டால்கூட, "எதுக்கு விட்டுச்சு?" என்று கேட்கிற ஆள்!

அன்று மின்சாரம் போய் இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. அதுவரை வந்த சோப்புகளை வாலுவின் அம்மா ஆறு ஆறாகப் பெட்டியில் அடுக்கினாள். பள்ளி விட்டு வந்த வாலு, முக்காலியில் உட்கார்ந்து அம்மாவுக்காகக் காத்திருந்தாள்.

கடைசிப் பெட்டியில் ஒரே ஒரு சோப்புதான் இருந்தது.

"மீதி அஞ்சு எங்கேம்மா?" முதலாளியின் கண்கள் சுருங்கின.

"வந்தது அவ்வளவுதான் சார்."

"பெட்டி நிறையலேன்னா யாருக்கோ கை நீளம்னு அர்த்தம். எனக்கா தெரியாது?"

அம்மாவின் பையை வாங்கி மேசையில் கொட்டினார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, குடை, கைக்குட்டை. சோப்பு இல்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வாலுவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து முட்டின.

"பத்து பத்தாப் போடு. குட்டு உடையும்!" என்றார் முதலாளி.

பக்கத்திலேயே நின்று பார்த்தார். கடைசிப் பெட்டியில் மறுபடியும் ஒன்றுதான்.

"ஐயையோ, ஒம்பது காணோம்! நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

வாலு முக்காலியிலிருந்து குதித்தாள். "சார், முதல்ல அஞ்சு காணோம்னீங்க. இப்ப ஒம்பதுங்கிறீங்க. நீங்க பார்த்துக்கிட்டே இருக்கும்போது எங்கம்மா இன்னும் நாலு எப்படி எடுத்தாங்க?"

முதலாளி பெட்டிகளை மறுபடியும் எண்ண ஆரம்பித்தார்.

"மெஷின்ல இருக்கிற எண்ணிக்கைச் சக்கரம் எத்தனைன்னு காட்டுது சார்?" என்றாள் வாலு.

"இருநூத்திப் பதினொண்ணு."

"இங்கே பத்துப் பத்தா இருபத்தோரு பெட்டி, கூட ஒண்ணு. அதுவும் இருநூத்திப் பதினொண்ணுதானே?"

"பின்னே ஏன் நிறைய மாட்டேங்குது? ஏழு ஏழாப் போட்டா?"

"ஒண்ணு மிஞ்சும்."

"பதினொண்ணு?"

"ரெண்டு மிஞ்சும்."

முதலாளி விடுவாரா? அட்டையில் பென்சிலால் இரண்டிலிருந்து பதினான்கு வரை வகுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் மிச்சம் வந்தது.

"பதினஞ்சோ, அதுக்கும் பெரிய பெட்டியோ போட்டா?"

"பதினஞ்சு பெட்டியில பதினஞ்சு பதினஞ்சாப் போட்டா இருநூத்தி இருபத்தஞ்சு, தாண்டிடும் சார். அப்போ பெட்டிங்க பதினஞ்சைவிடக் குறைவாத்தான் வரும். அந்த எண்ணையெல்லாம்தான் வகுத்துப் பார்த்தாச்சே! இது பகா எண். ஒண்ணாலயும் தன்னாலயும்தான் மீதியில்லாம வகுபடும்."

முதலாளி அட்டையை முறைத்தார். "இந்த எண்ணும் உங்கம்மாவும் கூட்டா?"

வாலு களுக்கென்று சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த தன் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளியும் அதைப் பார்த்தார்.

"தப்பு என்மேலதாம்மா. மன்னிச்சிடுங்க. நாளைக்கு வேலைக்கு வாங்க," என்றார் மெதுவாக.

டப்பா, சீப்பு, குடை, கைக்குட்டை என்று ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே பையில் வைத்தார். மிஞ்சிய சோப்பையும் வைக்கப் போனார்.

"அது கணக்குல இருக்கு சார், இங்கேயே இருக்கட்டும்," என்றாள் அம்மா. பிறகு பையைத் திறந்து உள்ளே ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"என்னம்மா பார்க்கிறீங்க?"

"ஏதாவது குறையுதான்னு பார்க்கிறேன் சார்."