வழக்கவட்டு வைத்த வீடு

"எங்கம்மா வழுக்கி கிழுக்கி விழுந்தா அது பதிவாகுமுங்களா?" என்று கேட்டான் ரித்விக்.

நவநீதன் தன் கடையின் கண்ணாடி மேசைமேல் இரண்டு வட்டுகளை எடுத்து வைத்திருந்தார். இரண்டும் பிஸ்கட் அளவுதான். கறுப்பு, முழுவட்டு. வெள்ளை, வழக்கவட்டு. ஈரோட்டில் காவல்பதிவி இல்லாத வீட்டை இன்றைக்கு வலைபோட்டுத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அறைக்கு அறை கேமரா, மாடிப்படிக்கு அடியில் ஒரு பதிவி. அந்தப் பதிவிக்குள் எந்த வட்டைப் போடுவது என்பதற்கு ஜனங்கள் படும் பாடு இருக்கிறதே, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட அவ்வளவு யோசிப்பதில்லை.

"விழுகிறது வழக்கம் இல்லீங்களே. வழக்கம் இல்லாத எதையும் இது விடாதுங்க" என்றார் நவநீதன்.

வாய் தானாகச் சொன்ன பதில் அது. பல வருடங்களாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில்.

முழுவட்டு ஒரு வெள்ளந்தி. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதும். ஆடும் திரைச்சீலை, சுற்றும் மின்விசிறி, காலியாகக் கிடக்கும் நாற்காலி, எல்லாம் அதற்கு ஒன்றுதான். அதனால் மாதம் திரும்புவதற்குள் வயிறு நிரம்பிவிடும். பிறகு பழையதை அழித்து அதன்மேலேயே புதியதை எழுதும். வழக்கவட்டு அப்படியல்ல, காரியக்காரன். முதல் மூன்று மாதம் ஒன்றும் எழுதாமல் வீட்டைப் படிக்கும். யார் எப்போது எழுகிறார்கள், எந்த நாற்காலி யாருடையது, யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று வீட்டின் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். அதன்பிறகு வழக்கத்துக்கு மாறாக நடப்பதை மட்டும் எழுதும். மற்ற நேரத்துக்கெல்லாம் ‘வழக்கம் போல்’ என்று ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடும். போட்டுப் பார்க்கும்போது பொட்டு வைத்த இடங்களைத் தான் கற்ற உருவத்தாலும் குரலாலும் நிரப்பிக் காட்டும். பழகாத கண்ணுக்கு ஒட்டுப்போட்ட தையல் தெரியாது. இந்தச் சாமர்த்தியத்தால் ஒரு குடும்பத்தின் நாற்பது வருடம் அந்த பிஸ்கட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

வழக்கத்தோடு எவ்வளவு ஒத்துப்போனால் போதும் என்பதற்கு மூன்று நிலைகள் உண்டு. கண்டிப்பு, நடுத்தரம், தாராளம். தாராளத்தில் வைத்தால் வட்டு சின்னச் சின்ன வித்தியாசங்களைக் கண்டுகொள்ளாது, நெடுநாள் உழைக்கும். ஊரில் முக்கால்வாசி வீடுகளில் தாராளம்தான். வைத்துக் கொடுத்தவர் நவநீதன்.

"அப்பச் சரிங்க" என்றான் ரித்விக். "அம்மா கோபியில தனியா இருக்காங்க. நான் போனாப் போதும், ‘டேய் தம்பி, டேய் தம்பி’ன்னு சும்மா சும்மா கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. அதையெல்லாம் எழுதி எடத்தை அடைச்சுக்காதுங்களே?"

நவநீதன் வெள்ளை வட்டை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.

"நீங்க முழுவட்டே போட்டுக்குங்க."

"அது ஒரே மாசத்துல அழிஞ்சிருமாமுங்களே?"

"அழியட்டுங்க."

ரித்விக் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "போன வருசம் எங்க மாமனாரு கறுப்புதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. நீங்கதானுங்க பேசிப் பேசி வெள்ளையைத் தலையில கட்டினீங்க."

"ஆமாங்க. நான்தான்."

"சரிங்க, வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று நழுவினான். இப்படிச் சொல்லிப் போகிறவர்கள் அடுத்த கடைக்குத்தான் போவார்கள் என்பது வியாபாரம் பழகியவருக்குத் தெரியாதா? தெரிந்தும் அவர் கூப்பிடவில்லை.

மனைவி சுகன்யாவின் காரியம் முடிந்த மறுநாளே அவர் கடையைத் திறந்துவிட்டார். சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். வீட்டில் உட்கார்ந்தால் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பதிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

சுகன்யா ஒரு காலை நேரத்தில் அடுப்படித் தரையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இறந்துபோனாள். மாரடைப்பு. அப்போது நவநீதன் முன்னறையில் இருந்தார். நடுவில் ஒரு கூடம், அவ்வளவுதான் தூரம். ஒரு வாடிக்கையாளரின் பழுதான வட்டை மேசையில் வைத்து நோண்டிக்கொண்டிருந்தார். பசி எடுத்த பிறகுதான் இட்லி இன்னும் வரவில்லையே என்று எழுந்து போனார். காவல்பதிவி திருடனைக் கண்டால் ஊரைக் கூட்டும். வீட்டுக்காரி தன் அடுப்படியில் உட்கார்ந்தால் அது ஏன் கத்தப்போகிறது?

"ஒரு சத்தம் இல்லீங்க, தூங்கற மாதிரி போயிட்டா" என்றுதான் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். "குடுத்து வெச்சவ" என்றார்கள் அவர்களும்.

ஆனால் சத்தம் இருந்ததா இல்லையா என்பது அவருக்கே தெரியாது. இதுதான் அவரை அரித்தது. சுகன்யா தினமும் அடுப்படியிலிருந்து அவரைக் கூப்பிடுவாள். சீரக டப்பா மூடி திறக்கவில்லை, குழாய் சொட்டுகிறது, ஜன்னலில் பல்லி. "ஏனுங்க... இங்க கொஞ்சம் வாங்களேன்." மூன்று தடவை கூப்பிடுவாள், நான்காவது தடவைக்கு அவளே திறந்துகொள்வாள், அவளே பல்லியை விரட்டிக்கொள்வாள். அவர் எழுந்து போனதில்லை. அன்றைக்கும் அந்தக் குரல் காதில் விழுந்ததாக ஒரு நினைவு இருந்தது. அது அன்றைய குரலா, முந்தின நாள் குரலா, போன வருடத்துக் குரலா என்று பிரித்தெடுக்க முடியவில்லை. எல்லா நாளும் கேட்ட ஒன்றை எந்த நாள் கேட்டோம் என்று எப்படி நினைவு வைத்துக்கொள்வது?

பதிவியைப் போட்டால் தெரிந்துவிடும். அதனால்தான் போடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மகள் ஆதிரை பெட்டியைக் கட்டிக் கூடத்தில் வைத்திருந்தாள். பெங்களூருக்குப் போக இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டி வந்துவிடும். அவள் பதிவியின் திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, அம்மா போன அன்னிக்குக் காலையில உள்ளதைப் போடுங்கப்பா. நான் பாக்கணும்."

"எதுக்கு அம்மிணி? பாத்தா மனசுதான் கெடும்."

"நான் அங்க இருந்து வர்றதுக்குள்ள அம்மாவை ஐஸ் பெட்டியில வெச்சுட்டீங்க. நான் கடைசியா அம்மா முகத்தை ஒழுங்காக்கூடப் பாக்கலை. போடுங்கப்பா."

மறுக்க வழியில்லை. பதிவி அவர் விரல் ரேகைக்குத்தான் திறக்கும். வைத்தார். திறந்தது.

அடுப்படி தெரிந்தது. சுகன்யா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தினமும் கழுவுவதுபோலவே கழுவினாள், அதே பக்கம் திரும்பி, அதே இடத்தில் கையைத் துடைத்தாள். திடீரென்று படத்தின் ஒளி சற்றே மாறியது. இங்கிருந்து நிஜம் என்று நவநீதனுக்குத் தெரிந்தது. சுகன்யா இடது தோளைப் பிடித்துக்கொண்டாள். மேடையைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்து, அலமாரிக் கதவில் சாய்ந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. முன்னறைப் பக்கம் தலையைத் திருப்பி வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க... இங்க கொஞ்சம் வாங்களேன்!"

ஆதிரை நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். அந்தக் குரல் அத்தனை தெளிவாக இருந்தது. அதுதான் பயங்கரம். மூச்சுக்குத் தவிக்கிற அந்த முகத்திலிருந்து, சீரக டப்பாவுக்குக் கூப்பிடும் அதே சிணுங்கல் குரல், கடைசியில் லேசாக இழுத்து, சிரிப்பு கலந்து வந்தது. உதடு நின்ற பிறகும் குரல் ஒரு கணம் ஓடியது. சுகன்யா கூடத்தையே பார்த்தாள். மறுபடி வாயைத் திறந்தாள். மறுபடி அதே சந்தோஷக் குரல், அதே இழுப்பு, ஓர் இம்மி மாறாமல்.

"நிறுத்துங்க! என்னப்பா இது? அம்மா ஏன் இப்படிப் பேசறாங்க?"

"அது அம்மா இல்ல கண்ணு" என்றார் நவநீதன். "வட்டு போட்ட நிரப்பல். படம்தான் நிஜம். குரல் பழசு. அது கத்து வெச்சிருந்ததை எடுத்து ஒட்டியிருக்குது."

ஆதிரை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. "அப்ப... அம்மா கூப்பிடலையா? நிஜமாவே சத்தமில்லாமத்தான் போனாங்களா?"

"ஆமாம்மா."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவர் நினைக்கவில்லை. நிம்மதிகூட வந்தது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனால் அந்தப் பழமொழி அங்கே முடிவதில்லை. தீர விசாரிப்பதே மெய் என்று இன்னொரு பாதி இருக்கிறது. ஆதிரை அவர் பெற்ற பெண், கடைக்குப் பின்னால் விளையாடி வளர்ந்தவள்.

"நிரப்பலை எடுத்துட்டு எழுதினதை மட்டும் காட்டறதுக்கு ஒரு மெய்நிலை இருக்குமே. அதுல போடுங்க. அம்மாவை அந்தப் பொய்க்குரலோட நான் மனசுல வெச்சுக்க மாட்டேன்."

"வேண்டாம் அம்மிணி."

"ஏன் வேண்டாம்?"

அவளே கையை நீட்டித் திரையில் மெய்நிலையைத் தொட்டாள்.

பாத்திரம் கழுவிய காட்சி மறைந்து வெறும் கறுப்பு ஓடியது. பிறகு சுகன்யா தோளைப் பிடித்தாள், உட்கார்ந்தாள், வாயைத் திறந்தாள். குரல் இல்லை. அந்த இடத்தில் திரையின் அடியில் வட்டு வைத்த பொட்டு எழுத்தாக வந்தது.

அழைப்பு. வழக்கம் போல்.

சுகன்யா கூடத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். அடுத்த பொட்டு வந்தது.

பதில் இல்லை. வழக்கம் போல்.

இரண்டாம் முறை வாயைத் திறந்தாள். இரண்டு பொட்டு. மூன்றாம் முறை வாய் பாதிதான் திறந்தது, அதற்கும் இரண்டு பொட்டு. பிறகு தலை அலமாரிக் கதவில் சாய்ந்தது. அதற்குப் பிறகு பொட்டு எதுவும் இல்லை. அடுப்படியின் அமைதியை வட்டு முழுசாக எழுதியிருந்தது. அந்த நேரத்தில் அந்த அடுப்படி அமைதியாக இருப்பது வழக்கம் இல்லையே.

"கூப்பிடாம இருந்திருந்தா அமைதின்னு எழுதியிருக்கும்" என்றாள் ஆதிரை. "கூப்பிட்டதாலதான் பொட்டு வெச்சிருக்குது. அப்படித்தானேப்பா?"

"அப்படித்தான்."

"அம்மா குரல் நடுங்கியிருக்குமே. வலியில கூப்பிட்டிருப்பாங்களே. அது வித்தியாசம்னு இதுக்குத் தெரியாதா?"

"தாராளத்துல வெச்சிருந்தேன். வார்த்தை ஒண்ணா இருந்தாப் போதும்னு விட்டுரும்."

"அப்ப அம்மாவோட கடைசிக் குரல்?"

"இல்ல கண்ணு. எங்கயும் இல்ல. கேட்டுச்சு, ஒத்துப் பாத்துச்சு, எப்பவும் போலத்தான்னு தள்ளிருச்சு."

சொல்லும்போதே அவருக்குப் புரிந்தது, வட்டை மட்டும் சொல்லவில்லை என்று. அழுகை வந்தது. அடக்கவில்லை, குழந்தைபோல் விம்மினார். ஆதிரை அவரைத் தொடவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

வெளியே வண்டி வந்து நின்றது. அவள் பெட்டியை எடுத்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமாப்பா? அம்மா உங்களை நாள் பூரா கூப்பிட்டாங்க. நீங்க ஒரு தடவையாவது அம்மாவைக் கூப்பிட்டிருக்கீங்களா? நான் கேட்ட ஞாபகமே இல்ல."

அவர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். கூப்பிடும்படி அவள் வைத்ததில்லை. காபி வேண்டும் என்று நினைக்கும்போது காபி வந்துவிடும். துண்டைத் தேடும் முன்னால் துண்டு கையில் இருக்கும். கல்யாணமான புதிதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். இந்த வீட்டுக்குக் குடிவந்து பதிவி வைத்த பிறகு இல்லை.

"போய்ச் சேந்ததும் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டு ஆதிரை போய்விட்டாள்.

நவநீதன் பதிவியின் மூடியைக் கழற்றினார். வெள்ளை வட்டைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டும் என்று விரலை வைத்தார். அது லேசாகச் சூடாக இருந்தது. தப்பும் தவறுமாக ஒட்டவைத்த குரல்தான். ஆனாலும் சுகன்யாவின் குரல் என்று உலகத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். விரலை எடுத்துவிட்டார்.

எழுந்து கூடத்தைக் கடந்து நடந்தார். அவ்வளவு கிட்டே இருந்தது அடுப்படி. வாசலில் நின்று, அலமாரிக் கதவைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார்.

"சுகன்யா..."

காத்திருந்தார். இன்னொரு தடவை கூப்பிட்டார், இன்னும் சத்தமாக. அடுப்படி அப்படியே இருந்தது.

மாடிப்படிக்கு அடியில் வட்டு ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. அவர் அவளைக் கூப்பிடுவதை அந்த வீட்டில் அது ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் கூப்பிட்டுப் பதில் வராமல் போனதையும் அது கண்டதில்லை. அதனால் குரலின் நடுக்கம், நடுவில் வந்த விம்மல், காத்திருந்த நேரம் என்று எதையும் தள்ளாமல் முழுசாக எழுதிக்கொண்டிருந்தது.